பொதுப்பங்கு

மாலை நான்கு பத்துக்குக் குமரகுருவின் திரை திக்கத் தொடங்கியது.

ஐந்து மணிக்குத் தகுதிச் சுற்று. அவன் ஜெசிந்தாவை அழைத்தான்.

"அக்கா, செத்தேன்."

"விவரம் சொல்லிட்டுச் சாவு. என்ன ஆச்சு?"

"செகண்டுக்கு இருநூத்தி நாப்பது ஃப்ரேம் வந்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு பாதியாயிடுச்சு. எதிராளி திரும்புறதே தெரியல. பாத்தா மூஞ்சிக்கு முன்னாடி நிக்கிறான்."

"போன தடவை மாதிரி மானிட்டர் கேபிளைப் பிடுங்கி வேற ஓட்டையில சொருகியிருக்கியா?"

"அதை என் கல்யாணத்துலகூட சொல்லுவீங்களா?"

"மைக் பிடிச்சு சொல்லுவேன். ரிமோட்டைத் திற."

அவன் திறந்தான். அவனுடைய திரை அவள் திரையில் வந்தது.

ஜெசிந்தா கணினி கட்டிக் கொடுப்பவள். கோரைத்தாங்கலில் கேம் ஆடுகிறவர்களின் மெஷின்களில் பெரும்பாலானவை அவள் கட்டியவை. பல வருடம் அவள் கடை அங்கேதான் இருந்தது. அடுக்குமாடிகள் வந்தன, வாடகை ஏறியது. தீபாவளிக்கு முன் கடையை நெட்டேரிக்கு மறுபக்கம் ஓடைப்பள்ளத்துக்கு மாற்றினாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுற்றிலும் தகரக் கூரைகள். அந்தத் தெருவில் கணினி என்று ஏதாவது இருந்தால் அது அவள் கடையில்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் போனில் வந்தார்கள். மெஷின்கள் ஆட்டோவில் வந்தன.

மூன்றாவது நாளாக மழை. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை.

அவள் வரிசையாகப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்டின் சூடு சரியாக இருந்தது. டிரைவர் புதியது. மின்சார அமைப்பு சரி. மெமரி அதன் வேகத்தில் ஓடியது. பின்னணியில் எந்த அப்டேட்டும் இறங்கவில்லை.

"நேத்து வரைக்கும் வெண்ணெய் மாதிரி போச்சுக்கா."

"நேத்து என்ன இறக்கினே?"

"ஒண்ணுமில்ல."

"குரு."

"ஒரு படம். ஒரே ஒரு படம்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஜெசியா? ஜெசிம்மா, அவன் காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. அந்தப் பொட்டிய ஒரேயடியா ரிப்பேர் பண்ணிட்டுப் போயிடும்மா, புண்ணியமாப் போகும்."

அவன் அம்மா சுலோச்சனா. போன வாரம்தான் இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை. தரைத்தளத்தில் கூடத்துக் கட்டிலில் படுத்தபடி வீட்டை நடத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா? இவங்க என் ஸ்பான்சர்," என்றான் குமரகுரு.

அவன் சிரிக்கவில்லை. இந்தச் சுற்றில் ஜெயித்தால் பெங்களூரில் ஓர் அணி அவனைச் சம்பளத்துக்கு எடுக்கும். அதை நம்பி கோடையில் வேலையை விட்டிருந்தான். அதற்குப் பிறகு வேறு அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் அவனுக்கு இருபத்தேழு. அந்த ஆட்டத்தில் அது கிழவன் வயது.

"கேமை மூடு," என்றாள் ஜெசிந்தா.

"மூடிட்டேன்."

"மைக்கை கேபினெட் பக்கத்துல வை."

வைத்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஃபேன் சத்தம் குறையவேயில்லையே. கேம் மூடியிருக்கு, கார்டு வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. யாருக்கு?"

தேடினாள். சாதாரணப் பெயர்களுக்கு நடுவில் ஒரு சாதாரணப் பெயர். அதை நிறுத்தினாள். எழுந்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி எழுந்தது.

"உன் கார்டுல எவனோ கிரிப்டோ காயின் தோண்டுறான்டா. உன் கரண்டு, உன் கார்டு, அவன் காசு."

"படத்தாலயா?"

"இல்லாம?"

சந்தேகத்துக்குத் தன் மேசைகளைப் பார்த்தாள். வாடிக்கையாளர்களுக்காகக் கட்டி முடித்த மெஷின்கள் அங்கே சோதனையில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் அதே பெயர் இருந்தது. எல்லாவற்றிலும் வேகம் பாதி. அவற்றில் யாரும் எந்தப் படமும் இறக்கியதில்லை.

அது சரியாகப் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருடுகிறவன் பாதியோடு நிறுத்துவதில்லை. அது அவளுக்கு உறுத்தியது.

"அக்கா, டைம்."

உறுத்தலை விட்டாள். தன் மெஷின்களில் அதை வேரோடு பிடுங்கினாள். கோப்புகளை அழித்தாள், அது திரும்பிவரும் வழியை அழித்தாள். வேகம் ஏறியது. திரைகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

குமரகுருவின் மெஷினில் அவ்வளவு தூரம் போக நேரமில்லை. ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். ஒரு பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள பெயர் எழுந்தால் உடனே அதை மடக்கும். பட்டியலைத் தன் கடையின் இணையப் பக்கத்தில் வைத்தாள். திருடன் பெயரை மாற்றினால் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். எல்லா மெஷினும் அதைப் படித்துக்கொள்ளும்.

"இப்ப ஆடிப் பாரு."

அவன் ஆடினான்.

"அக்கா, நீங்க தெய்வம்."

"தெய்வத்துக்கு ஜிபே பண்ணு."

"நம்ம கோரைத்தாங்கல் குரூப்ல எல்லாரும் இதையேதான் கத்திக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் பாதி ஃப்ரேம்தான். இதை அனுப்பட்டுமா?"

"அனுப்பு. கீழ கடை நம்பரையும் போடு."

"ரிமோட்டை மூடாதீங்க. மேட்ச் முடியுற வரைக்கும் பாத்துக்குங்க. போன் எல்லாம் அணைச்சிடச் சொல்லிட்டாங்க."

அவன் அனுப்பினான். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினார். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கடையின் பக்கம் காட்டியது. எண் ஓடியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சியாக இருந்தது.

கதவைத் தட்டி மும்தாஜ் உள்ளே எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கடை. தைப்பவள். கழுத்தில் இஞ்ச் டேப், தலையில் நனைந்த துப்பட்டா.

"ஜெசி, இந்த மெசேஜ் உனக்கும் வந்துச்சா?"

போனை நீட்டினாள். ஏரிக்கரையைச் சுற்றியுள்ளவர்கள் மெயினை அணைத்துவிட்டு மேட்டுப்பகுதிக்குச் செல்லவும்.

"வந்துச்சுக்கா."

"தெருவுல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, நான் உன்னைக் கேக்க வந்தேன். பிள்ளைங்க வேற ரெண்டும் இப்பத்தான் தூங்குதுங்க. போகணுமா?"

"இது ஊர் பூரா அனுப்பறதுக்கா. நேத்தும் வந்துச்சு, போனீங்களா?"

"போகல."

"ஏதாச்சும் ஆச்சா?"

"ஆகல."

"தண்ணி திறக்கறதா இருந்தா எனக்குத் தெரியும். என் சினேகிதி மதகு திறக்கற ஆபீஸ்லதான் வேலை செய்யறா."

"அப்ப சரி. அந்தக் கல்யாண ப்ளவுஸை முடிச்சிடறேன்." மும்தாஜ் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

ஐந்து மணிக்குச் சுற்று ஆரம்பித்தது. ஜெசிந்தா டீ போட்டுக்கொண்டு வந்து குமரகுருவின் திரைக்கு முன் உட்கார்ந்தாள். அவன் நன்றாக ஆடினான். முதல் ஆட்டத்தை எடுத்தான். இரண்டாவதை விட்டான். மூன்றாவதின் நடுவில் போன் அடித்தது.

வைதேகி. கல்லூரி விடுதியில் ஒரே அறை. இப்போது நீர்க்கட்டுப்பாட்டு மையத்தில் பொறியாளர்.

"ஜெசி, பிசியா?"

"டீ குடிச்சிக்கிட்டு மேட்ச் பாக்கறேன். நீ என்ன, மூணு மாசம் கழிச்சு? புதுக் கடைக்கு வரேன் வரேன்னு வரவேயில்ல."

"இந்த மழை முடியட்டும்டீ, வரேன்."

"லொகேஷன் அனுப்பினேன், திறந்துகூட பாக்கல நீ. ரெண்டு நீல டிக் வர்றதுக்கு நான் என்ன தவமா இருக்கணும்?"

"அப்புறம் திட்டு. ஒரு உதவி. கோரைத்தாங்கல்ல உனக்கு நிறைய கஸ்டமர் இருக்காங்களே. யாருக்காவது போன் பண்ணி, கிளம்பிட்டாங்களான்னு கேட்டுச் சொல்லேன்."

"எங்கே கிளம்ப?"

"மேட்டுக்கு. மெசேஜ் அனுப்பினோமே. கோரைத்தாங்கல் காலியாயிடுச்சுன்னு மேப் சொல்லுது. இங்கே எல்லாரும் கை தட்டறாங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரல. போன வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, முகாம்ல ஏசி இருக்கான்னு கேட்ட ஜனங்கடீ அவங்க. ஒரே மெசேஜ்ல கிளம்பிட்டாங்களாம்."

ஜெசிந்தா சிரித்தாள். "கிளம்பறதாவது? ஊரே உக்காந்து கேம் ஆடிக்கிட்டு இருக்கு. ஒருத்தன் என் கண்ணு முன்னாடி ஆடிக்கிட்டு இருக்கான்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"ஹலோ?"

"மேப்ல ஒரு புள்ளிகூட இல்லையே, ஜெசி."

"என்ன புள்ளி?"

"பொதுப்பங்கு. நீதானே கார்டு விக்கும்போது ஒத்துக்க வைப்பே. வரித் தள்ளுபடிக்கு."

ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வந்தது. போன வெள்ளத்துக்குப் பிறகு வந்த சட்டம். கார்டு வாங்கும்போது திரையில் ஒரு கட்டம். டிக் அடித்தால் வரி குறையும். யாரும் படித்ததில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் அவளே அடித்துவிடுவாள்.

"அது என்னன்னு நான் கேட்டதேயில்ல."

"மழை பெய்யறப்போ எந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி ஏறும்னு நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் போடணும். அவ்ளோ மெஷின் எங்ககிட்ட ஏது? உங்ககிட்ட இருக்கு. அவசரம்னா ஊர்ல இருக்கற எல்லா கார்டுலயும் பங்கு எடுத்துக்குவோம். இன்னிக்கு நாலு மணிக்கு மேல எடுத்தோம்."

"பாதி," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா, பாதி. உனக்கு எப்படித் தெரியும்?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுக்குப் பேரு என்ன? மெஷினுக்குள்ள."

வைதேகி சொன்னாள். அந்தச் சாதாரணப் பெயர்.

"பழைய பேரு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சா நிறுத்திடறாங்க. அதான் போன மாசம் மாத்தினோம். ஏன்டீ?"

"மெஷின் நின்னுட்டா?"

"நின்னா நல்லது. மெயினை அணைச்சிட்டுக் கிளம்புங்கன்னுதானே மெசேஜ்? மெஷின் நின்னா மெயினை அணைச்சிட்டாங்கன்னு அர்த்தம். அணைச்சா கிளம்பிட்டாங்க. மேப்ல பச்சைப் புள்ளி போயிடும், வீடு காலின்னு எடுத்துக்கும்."

"கேம் ஆடாதவங்க வீடு? அங்கே ஏது கார்டு?"

"பக்கத்துல எது இருக்கோ அது அவங்களுக்கும் சேர்த்துத்தான். தெருவுக்கு ஒண்ணு இருந்தா போதும்."

திரையில் குமரகுரு ஒரு சுவருக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தான். அசையவில்லை. எதிராளி வந்ததும் சுட்டான்.

"வைதேகி. அவங்க கிளம்பல. நான் நிறுத்திட்டேன்."

"எதை?"

"உங்க பங்கை. திருட்டு ப்ரோகிராம்னு நினைச்சேன். ஒரு ஃபிக்ஸ் எழுதிக் கொடுத்தேன். கோரைத்தாங்கல் பூரா அதைப் போட்டுக்கிச்சு. யாரும் எங்கேயும் போகல. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "லைன்லயே இரு."

வைதேகி போனை மேசையில் வைத்தாள் போல. தூரத்தில் குரல்கள். வைதேகியின் குரல் ஏறியது. ஓர் ஆணின் குரல் ஏறவில்லை. தையல் மெஷின் நின்று நின்று ஓடியது.

வைதேகி திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"சீஃப் ஒத்துக்கல. போன்ல வந்த சேதியை வச்சு மதகை மாத்தமாட்டேங்கறார். மேப்ல காட்டுங்கறார்."

"ஜனங்க இருக்காங்கடீ அங்கே!"

"அதையேதான் நானும் சொன்னேன். ஆளில்லாத பக்கம் எதுன்னு மேப்தான் சொல்லணும், சட்டம் அப்படி. போன வெள்ளத்துல யார் யார் போன் பண்ணாங்கன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன் பண்ணத் தெரிஞ்சவங்க பக்கம் தண்ணி போகல. அதனாலதான் இந்த மேப்பே வந்துச்சு. இதுக்கு யாரும் போன் போட முடியாது."

"நல்ல சட்டம்."

"நல்ல சட்டம்தான்டீ. நானும் சேர்ந்து எழுதினேன்."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"ஏரி விளிம்புக்கு வந்துடுச்சு. கிழக்கு மதகைத் திறக்கறதுன்னு முடிவாயிடுச்சு. திறந்தா நேரா கோரைத்தாங்கல்தான். தரைத்தளம் முழுசா போயிடும். கணக்கு கடைசியா ஒரு தடவை ஓடும், அதோட சரி. பத்து நிமிஷம். அதுகூட இருக்காது."

"திறக்காம இருக்க முடியாதா?"

"திறக்கலன்னா கரை உடையும். உடைஞ்சா எந்தப் பக்கம்னு யாராலயும் சொல்ல முடியாது. எங்கேயாவது திறந்துதான் ஆகணும்."

எங்கே என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

கடைப் பக்கத்தைத் திறந்தாள். பட்டியலில் ஒரே ஒரு வரி. அதை அழித்தால் போதும். எல்லா மெஷினும் அதைப் படிக்கும், பங்கை எழ விடும். எல்லாத் திரையும் பாதிக்கு விழும்.

குமரகுருவின் திரையில் மதிப்பெண் மேலே இருந்தது. இன்னும் இரண்டு ரவுண்டு எடுத்தால் அவனுக்கு ஜெயம்.

ரிமோட்டின் சின்னக் கட்டத்தில் எழுதினாள். குரு, உன் மெஷினை மறுபடி பாதிக்கு விடப்போறேன். இப்பவே.

அவன் கைகள் வேலையில் இருந்தன. வாயால் சொன்னான். "அக்கா, விளையாடாதீங்க."

ஏரி திறக்கறாங்க. நீ வீட்ல இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

"வீட்லதானே இருக்கேன்!"

அது அவங்களுக்குத் தெரியாது.

"ரெண்டே ரவுண்டு. மூணு நிமிஷம்க்கா. ப்ளீஸ். மத்தவங்களுக்கு விடுங்க, எனக்கு மட்டும் அப்புறம் விடுங்க."

அப்படி விட முடியாது. பட்டியல் எல்லாருக்கும் ஒன்றுதான். அவசரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

"ஜெசி," என்றாள் வைதேகி போனில். "ஏதாவது செய்."

அவள் விரலை விசையின் மேல் வைத்தாள். அந்த ரவுண்டு முடியட்டும் என்று காத்தாள். காத்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவன் கதவைத் தாண்டினான், ஒருவனைச் சுட்டான், படியில் இறங்கினான், இன்னொருவனைச் சுட்டான். ரவுண்டு அவனுடையது. இன்னும் ஒன்று.

அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. புதிய ரவுண்டு தொடங்கியது. அவன் ஓடினான். மூலையில் திரும்பினான். திரை திக்கியது.

"அக்கா!"

எதிராளி மூலையில் இருந்தான். பிறகு இல்லை. பிறகு அவன் முகத்துக்கு முன்னால் இருந்தான்.

"அக்கா, எடுங்க! எடுங்கக்கா!"

அந்த ரவுண்டு போனது. அடுத்ததும் போனது. அதற்கு அடுத்ததில் அவன் கையை எடுத்துவிட்டான். திரையில் அவனுடைய ஆள் ஒரு சுவரைப் பார்த்தபடி நின்றான், யாரோ வந்து சுடும் வரை.

அணியில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான்.

"குரு," என்றாள் ஜெசிந்தா, மைக்கைத் திறந்து. "அம்மாவைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போ."

"மூணு நிமிஷம் கேட்டேன்."

"தூக்கிக்கிட்டுப் போ."

"திறக்கப் போறாங்களா இல்லையா?"

"தெரியல. நீ இருக்கறது இப்ப அவங்களுக்குத் தெரியும். அதுக்காகத்தான்."

"நல்லாத் தெரியட்டும்." அவன் குரல் உடைந்தது. "ஏரி திறக்கறவங்க எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்."

பின்னால் சுலோச்சனா கேட்டாள். "தோத்துட்டியா? சரி விடு. சாப்பிட வா."

ஹெட்செட் மேசையில் விழும் சத்தம். கட்டில் கிரீச்சிட்டது. "என்னடா பண்றே, டேய், கீழ விடு, முட்டி, முட்டி," என்று அவள் கத்துவது கேட்டது. பிறகு படியில் அவன் காலடிகள். கனமான காலடிகள். பிறகு கூடத்தில் யாரும் இல்லை.

ஜெசிந்தா ரிமோட்டை மூடினாள்.

"வைதேகி?"

"இரு." வைதேகி முணுமுணுத்தாள். "ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டு. இன்னொண்ணு. ஐயோ, வருதுடீ. தெருத் தெருவா வருது."

"கணக்கு?"

"ஓடுது. பேசாதே."

மழை தகரத்தில் அடித்தது. தையல் மெஷின் நீளமாக ஒரு முறை ஓடியது. ஜெசிந்தா ஆறிய டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பல வருடமாகப் போட்டதில்லை.

தூரத்தில் யாரோ ஏதோ படித்துச் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. அந்த ஆணின் குரல், ஏறாத குரல், ஒரு வார்த்தை சொன்னது.

வைதேகி சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"மாறிடுச்சுடீ. கோரைத்தாங்கல் முழுக்கப் பச்சை. கிழக்கு மதகு இல்லன்னு ஆயிடுச்சு. சீஃபே எழுந்து வந்து மேப்பைப் பாத்தார்."

ஜெசிந்தா மேசையில் தலையைச் சாய்த்தாள். பக்கவாட்டில் அவள் மெஷின்கள் தெரிந்தன. திரைகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒன்றுகூடத் திக்கவில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

"வைதேகி. எதைத் திறந்தீங்க?"

"மேற்கு மதகு. இப்பத்தான் தூக்கினாங்க, முழுசா. ஓடைப்பள்ளம் பக்கம்."

"மூடு. மூடச் சொல்லு."

"ஏய், பயப்படாதே. அங்கே யாருமில்ல. எல்லாருக்கும் முன்னாடி கிளம்பினதே அவங்கதான். அங்கே இருந்ததே ஒரு கை விரல்ல எண்ணற அளவு புள்ளி. அஞ்சு மணிக்குள்ளயே எல்லாம் ஒண்ணா அணைஞ்சிடுச்சு. இல்லாதப்பட்ட ஜனங்கடீ. சொன்னா கேக்கறாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை விழித்து அழுதது. மும்தாஜ் ஓட்டியபடியே அதற்கு ஏதோ பாடினாள்.

ஜெசிந்தா எழுந்துவிட்டிருந்தாள். போன் மேசையிலேயே கிடந்தது. கதவு திறந்திருந்தது. வைதேகியின் குரல் லேசாக, களைப்பாக, கேட்டுக்கொண்டிருந்தது.

"உன்னாலதான் இன்னிக்கு அத்தனை பேரும் பொழைச்சாங்க. நாளைக்கே உன் புதுக் கடைக்கு வரேன், சத்தியமா. லொகேஷனைத் தேடிக்கிட்டு இருக்கேன், பழைய மெசேஜ் எல்லாம் எங்கேயோ மேல போயிடுச்சு. எந்த ஏரியான்னு சொன்னே, ஜெசி?"